காது முளைக்கும் மாதம்

அன்புள்ள வனிதா,

முதலில் இந்த எழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே. தாள் கோடு போட்ட தாள்தான். என் எழுத்துதான் கோட்டின்மேல் நிற்கமாட்டேன் என்கிறது. ஒன்று மேலே ஏறுகிறது, ஒன்று கீழே தொங்குகிறது. 'ழ' எழுதினால் அது பக்கத்து எழுத்தின் தோளில் கையைப் போட்டுக்கொள்கிறது. இத்தனை வருஷம் தறியில் உட்கார்ந்த கைக்குப் பேனா ரொம்ப லேசாக இருக்கிறது, கண்ணு. பிடித்திருக்கிறேனா இல்லையா என்று தெரியாமல் அழுத்திவிடுகிறேன். இரண்டு இடத்தில் தாள் ஓட்டையாகிவிட்டது. அங்கங்கே கறுப்பாக இருப்பது ரப்பர் போட்டுத் தேய்த்தது, வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே. தினமும் காலையில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளை எங்கள் சாயங்கால வகுப்பு ரெஜினா டீச்சர் பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினார், நான் திரும்ப எழுதினேன். ஒரு வரியை முழுசாக முடித்து, அதை நானே படித்துப் பார்த்து, அது நான் நினைத்ததையே திருப்பிச் சொன்னால் எனக்கு வருகிற சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "தனியா சிரிச்சிகினு இருக்காதீங்க, தெருவுல போறவங்க பார்க்கறாங்க" என்கிறாள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் 'காது' என்று ஆரம்பித்தாலே உன் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கிறது. "அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். போன வாரம் நீயே கூப்பிட்டாய். ஆவணியில் வைத்திருந்த மித்ராவின் காது குத்து வேண்டாம், கேட்கிறவர்களிடம் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள் என்றாய். சரிம்மா என்றேன். டாக்டர் சொன்ன பரிசோதனைக்கு வேலூருக்குப் போனாயா என்று கேட்டேன். உடனே விசில். கடிதத்தில் விசில் அடிக்காது. பாதியில் மடித்து வைத்தாலும், மறுபடி பிரிக்கும்போது நான் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

நான் சொல்ல வந்ததை நேராகச் சொல்லத் தெரியவில்லை. எனக்கே பாதி குழப்பமாக இருக்கிறது. எனக்குப் புரிந்த வரிசையிலேயே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நான் எழுதப் படிக்கக் கற்கிற சாயங்கால வகுப்பு முனிசிபல் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு அறையில் நடக்கிறது என்று உனக்குத் தெரியும். பெஞ்சு சின்னது, என் முழங்கால் இடிக்கும். என் இடத்துக்கு நேர் எதிரே சுவரில் ஒரு பெரிய காது படம் மாட்டியிருக்கிறார்கள். வெட்டிய பலாப்பழம் மாதிரி உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். எழுத்தெல்லாம் பிடிபட்டதும் மற்றவர்கள் கடை போர்டு, பஸ் போர்டு என்று எழுத்துக்கூட்டிக்கொண்டு இருந்தார்கள். நான் அந்தக் காதை எழுத்துக்கூட்டினேன். வெளியே தெரிவது செவிமடல். உள்ளே போகிற வழியின் முடிவில் செவிப்பறை. அதற்குப் பின்னால் அரிசி மாதிரி மூன்று எலும்பு: சுத்தி, பட்டடை, அங்கவடி. அங்கவடி என்றால் குதிரை ஏறுகிறவன் கால் வைக்கிற வளையமாம். கொல்லன் பட்டறையையும் குதிரையையும் காதுக்குள் யார் கொண்டுபோய் வைத்தது? அதற்கும் உள்ளே நத்தைக் கூடு மாதிரி ஒரு சுருள். அதில்தான் சத்தம் போய்ச் சேர்கிறதாம். வகுப்பில் என் பின்னால் உட்காருகிற பூக்காரம்மா சகுந்தலா சும்மா இருப்பாளா?

"இன்னா பெரியவரே, தெனம் அந்தக் காதையே பார்த்துகினு கீறீங்க. எதுனா பதில் சொல்லுதா?"

"கேட்டுகினு இருக்குதும்மா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நான் ஏன் பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

மித்ராவுக்கு இடது காது பூ மாதிரி இருக்கிறது. வலது பக்கம் காது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னச் சதை மொட்டு. துவாரம் இல்லை. சித்திரை மாதம் நீ வந்தபோது, அடிக்கிற வெயிலில் குழந்தைக்குக் கம்பளிக் குல்லா போட்டிருந்தாய். வேர்த்து வேர்த்து அதன் நெற்றியெல்லாம் பொரிப்பொரியாக இருந்தது. நான் குல்லாவைக் கழற்றப் போனேன். நீ என் கையைத் தட்டிவிட்டு, "வேணாம்ப்பா. கத்திரி புடிச்ச என் கையாலதான் இது. எனக்குத் தெரியும்" என்றாய். அன்றைக்குச் சாயங்காலமே வந்தவாசி பஸ் ஏறிவிட்டாய். அதற்குப் பிறகு வரவில்லை. நான் முதன்முதலில் யார் உதவியும் இல்லாமல் படித்த போர்டு எது தெரியுமா? தெருமுனையைத் தாண்டிப் போன பஸ்ஸில் 'வந்தவாசி'. படித்துவிட்டேன் என்று குதிக்கத் தோன்றியது. அப்புறம், இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு வரமாட்டேன் என்கிறாளே என்று நின்றுவிட்டேன்.

அந்தக் கத்திரி விஷயத்துக்கு வருகிறேன். வளைகாப்பு முடிந்து நீ நம் வீட்டுக்கு வந்திருந்தாய். ஒன்பதாம் மாதம். அன்றைக்குச் சாயங்காலம் கிரகணம். உன் அம்மா உன்னை உள்ளறையில் உட்காரவைத்து, வெளியே வராதே, எதையும் அறுக்காதே என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். அண்ணன் குமார் தறியில் சேலையை முடித்துவிட்டான். முதலாளி வீட்டு ஆள் வாசலில் நின்றுகொண்டு ஜல்தி ஜல்தி என்றான். சின்ன வயசிலிருந்து நம் வீட்டுச் சேலையைத் தறியிலிருந்து அறுத்து எடுப்பது நீதான். பட்டில் கத்திரி ஓடுகிற சத்தம் உனக்குப் பிடிக்கும். பழக்கத்தில் வந்தாய், அறுத்தாய், போய் உட்கார்ந்துவிட்டாய். யாருக்கும் அது நினைவில்கூட இல்லை. குழந்தை பிறந்து, நர்ஸ் துணியை விலக்கிக் காட்டியபோது உன் அம்மா வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை, "கிரகணத்துல கத்திரியத் தொடாதேன்னு சொன்னனே, கேட்டியா?" உன் மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னது நம் வீட்டில்தான்.

நான் என்ன நினைத்தேன் என்று கேள். உன் அம்மா சொன்னது சரியாக இருக்குமோ என்றுதான் நினைத்தேன். தறிக்காரன் புத்தி அப்படி, கண்ணு. சேலையில் ஒரு பிழை இருந்தால் அதற்குக் காரணம் இருந்தே ஆக வேண்டும். நீளப் போகிற பாவில் ஓர் இழை அறுந்திருக்கும், குறுக்கே ஓடுகிற நாடா தவறியிருக்கும், யாராவது கூப்பிட்டுத் திரும்பியிருப்போம். காரணமில்லாத பிழையை நான் பார்த்ததே இல்லை. அதனால் உன் கத்திரியைத் தவிர வேறு காரணம் தெரியாதபோது அதையே பிடித்துக்கொண்டேன். வாய் திறந்து சொல்லவில்லை. நீ என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பாய்.

போன மாதம் ஒருநாள் வகுப்பு முடிகிற நேரத்தில் கை தூக்கினேன். "டீச்சர், இந்தக் காது வயித்துக்குள்ள எப்படி வருது?" என்று கேட்டேன். ரெஜினா டீச்சர் வேலையில் இருந்தபோது அறிவியல் எடுத்தவர். அவருக்கு ஒரே உற்சாகம். போர்டில் மொச்சைப் பயறு மாதிரி ஒன்றை வரைந்தார். அது இரண்டாம் மாதத்துக் குழந்தையாம். அதன் கழுத்தில், தாடைக்குக் கீழே, ஒரு சின்னப் பள்ளத்தைச் சுற்றி ஆறு புள்ளி வைத்தார்.

"இந்த ஆறு சின்ன மேடும் வளர்ந்து ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துதான் காது மடல் ஆகுது. முதல்ல கழுத்துலதான் இருக்கும். தாடை வளர வளர மேல ஏறி இங்க வந்து நிக்கும்" என்றார்.

"கழுத்துலயா?" வகுப்பு மொத்தமும் கழுத்தைத் தொட்டுப் பார்த்தது. சகுந்தலா, "அப்போ கம்மலும் நெக்லசும் ஒண்ணாவே வாங்கிப் போட்டுடலாம்னு சொல்லுங்க" என்றாள். டீச்சருக்கே சிரிப்பு அடங்கவில்லை.

எனக்கு அங்கேயே தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. டீச்சர் மேற்கொண்டு சொன்னது அதைவிடக் குழப்பம். காது ஓரிடத்திலிருந்து வருவதில்லையாம். மடல் இந்த ஆறு மேட்டிலிருந்து. உள்ளே இருக்கிற நத்தைச் சுருள் வேறு இடத்திலிருந்து. தலையின் ஓரத்தில் தோல் குழிந்து, உள்ளே மூழ்கி, கொப்புளம் மாதிரி மூடிக்கொண்டு, பிறகு சுருள்கிறதாம். நடுக்காது தொண்டைப் பக்கத்திலிருந்து ஒரு பை மாதிரி நீண்டு வருகிறதாம். சுத்தியும் பட்டடையும் தாடை உண்டாகிற அதே சதையிலிருந்து பிரிந்தவையாம். (அதனால்தானோ என்னவோ, உன் அம்மாவின் தாடை ஓய்கிறபோது என் காது நன்றாகக் கேட்கிறது. இதை அவளுக்குப் படித்துக் காட்டும்போது தாண்டிவிடுவேன்.) வெளியிலிருந்து ஒரு வழி உள்ளே போக, தொண்டையிலிருந்து ஒன்று வெளியே வர, இரண்டும் சந்திக்கிற இடத்தில் செவிப்பறை. மூன்று இடத்திலிருந்து கிளம்பியவர்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல், இருட்டில் எப்படிச் சரியாக ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்? நானும் உன் மாமனாரும் உன் கல்யாணச் சத்திரத்தைத் தேடி ஆளுக்கொரு தெருவில் சுற்றினோமே, அது ஞாபகம் வந்தது. இதை யோசித்துக்கொண்டே வந்து நம் வீட்டைத் தாண்டிப் போய்விட்டேன்.

அதற்கு முன்னால் வகுப்பில் ஒன்று கேட்டேன். அதுதான் முக்கியம். "இதெல்லாம் எந்த மாசத்துல டீச்சர்?"

"உள்காது முதல் மாசத்துலயே ஆரம்பிச்சிடும். தள்ளிப் போச்சா இல்லையான்னு அந்தப் பொண்ணே யோசிச்சிகினு இருக்கற சமயம். மேடெல்லாம் ரெண்டாம் மாசம். மூணாம் மாசம் முடியறப்ப சேர்ந்து காது மாதிரி தெரியும். அஞ்சாம் மாசத்துல நம்ம காது மாதிரியே இருக்கும்."

"ஒன்பதாம் மாசத்துல?"

"ஒன்பதாம் மாசத்துல இன்னா இருக்குது? அது சும்மா வளரும்."

டீச்சர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக, "பேத்திக்காகக் கேட்கறீங்களா?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன்.

அன்றைக்கு நிம்மதியாக வந்தேன் என்று நினைக்காதே. மறுநாள் டீச்சர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்து, காதுக்குள் போகிற வழி முதலில் அடைத்துத்தான் இருக்கும், அது திறப்பது ஏழாம் மாதம் வாக்கில் என்றார். ஏழு என்பது ஒன்பதுக்குப் பக்கத்தில் இருக்கிறதே! உன் அம்மாவிடம் வளைகாப்பு எந்த மாதம், கிரகணம் எந்த மாதம் என்று கேட்டுக் கேட்டு பேஜார் பண்ணிவிட்டேன். ஒன்பதேதான். அந்த வழியும் அதற்கு முன்னாலேயே திறந்திருக்க வேண்டும். அதுவும் மடலே சேராதபோது வழி மட்டும் எங்கே வரும் என்றார் டீச்சர். ஏன் சேரவில்லை என்று கேட்டேன். "பல குழந்தைங்களுக்கு ஏன்னு டாக்டருக்கும் தெரியாதுங்க. யாரும் எதையும் செய்யல. அப்படி ஆயிடுது" என்றார். இது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. காரணம் தெரியாத பிழை என்று ஒன்று உண்டா? பிழை என்ற சொல்லையே அதற்குப் போடலாமா? தெரியவில்லை, கண்ணு.

ஆனால் ஒன்று தெரிந்தது. அதைத் தறியைப் பார்த்துக்கொண்டு இருந்தபோதுதான் கண்டேன். சில டிசைன் போடும்போது சேலையின் நல்ல முகம் கீழே பார்த்தபடி இருக்கும். நெய்ய நெய்ய அது முன்னால் இருக்கிற மரத்தில் சுருண்டுகொண்டே போகும். முதல் நாள் விட்ட இழை உள்ளே சுருளுக்குள் இருக்கும், நமக்குத் தெரியாது. சேலையை அறுத்துப் பிரித்துப் போடுகிற அன்றைக்குத்தான் கண்ணில் படும். அதற்காக அறுத்தவளையா திட்டுவோம்? எத்தனை சேலை நீ அறுத்திருப்பாய், ஒருநாளாவது உன்னைக் கேட்டிருக்கிறோமா? மித்ராவின் காது இரண்டாம் மாதமே சுருளுக்குள் போய்விட்டது. ஒன்பதாம் மாதம் உன் கத்திரி அறுத்தது ஒரு சேலையை மட்டும்தான். பிறந்த அன்றைக்கு நாம் பார்த்தோம். பார்த்த நாளை நடந்த நாள் என்று எடுத்துக்கொண்டோம். வீட்டில் மூன்று பேர் தறி தெரிந்தவர்கள், மூன்று பேருக்கும் இது தோன்றவில்லையே!

இன்னொரு விஷயமும் இருக்கிறது. மடலும் நத்தைச் சுருளும் வேறு வேறு இடத்திலிருந்து வருவதால், வெளியே மூடியிருந்தாலும் உள்ளே நன்றாக இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்குமாம். சத்தம் எலும்பு வழியாகவும் உள்ளே போகும் என்றார் டீச்சர். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் காலை குமார் தறியில் உட்கார்ந்ததும், இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, விரலால் இறுக மூடிக்கொண்டு, தறிக்கால்மேல் தாடையை வைத்து அழுத்தினேன். தொம், தொம் என்று ஒவ்வொரு அடியும் மண்டைக்குள் கேட்டது! காதில் கேட்பதைவிடக் கனமாக. பல்லை வைத்துப் பார்த்தேன், இன்னும் நன்றாகக் கேட்டது. அந்த நேரம் பார்த்து உன் அம்மா வந்துவிட்டாள். பஞ்சை எடுத்த பிறகுதான் அவள் சொல்வது கேட்டது.

"அய்யே! இன்னாங்க இது, தறியக் கடிச்சிகினு? ரெண்டு இட்லி பத்தலன்னா கேட்டு வாங்கி துன்றதுதானே!"

"அப்பாவுக்குப் படிப்பு தலைக்கு ஏறிடுச்சும்மா" என்றான் குமார்.

"நீயும் வெச்சிப் பாரு" என்றேன். "எனக்கு வேற வேல இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, நான் கையைக் கழுவப் போனபோது, அவளே காதைப் பொத்திக்கொண்டு குனிந்து தாடையை வைத்தாள். குமார் நெய்துகொண்டே இருந்தான். அவள் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் என்னைப் பார்த்து, "கொழந்தைக்கு இந்த மாதிரி கேக்குமா?" என்றாள்.

"கேக்கலாம். வேலூருக்கு கூட்டிகினு போய்ப் பார்த்தாதான் தெரியும்."

"நான் எப்பவும் நல்ல காதுப் பக்கமே உக்காந்து தாலாட்டினேங்க. அந்தப் பக்கமா ஒரு வார்த்தகூடப் பேசல" என்றாள். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான், வனிதா. குழந்தையைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போ. தறிக்கால் எனக்குச் சொன்னது போதாது. எலும்பு வழியாகப் போகிற சத்தம் நல்ல பக்கத்து உள்காதில் விழுகிறதா, மூடிய பக்கத்தில் விழுகிறதா என்று அதற்குத் தெரியாது. அதற்கென்று கருவி இருக்கிறதாம், குழந்தை தூங்கும்போதே பார்த்துவிடுவார்களாம். உள்ளே நன்றாக இருந்தால், தலையில் பட்டை மாதிரி கட்டிக்கொள்கிற ஒரு கருவி உண்டாம். இல்லை என்று சொன்னாலும் சொல்லட்டும், இடது காது இருக்கிறது, நாம் இருக்கிறோம். காது குத்து வேண்டாம் என்றால் வேண்டாம். அந்த மொட்டில் ஊசி படலாமா என்பதையும் டாக்டர் சொல்லட்டும். நான் கேட்டதற்கெல்லாம் பதில் கிடைக்கும் என்று சொல்லவில்லை. எனக்குக் கிடைத்த பதிலைவிடக் குழப்பம்தான் அதிகம். ஆனால் கையைப் பற்றிய குழப்பம் மட்டும் எனக்குத் தீர்ந்துவிட்டது. உன் கையில் ஒன்றும் இல்லை.

சகுந்தலாவின் மருமகள் முழுகாமல் இருக்கிறாள். இந்தக் கடிதத்தை வகுப்பில் எல்லாருக்கும் படித்துக் காட்டி, சுவரில் ஒட்டலாமா என்று டீச்சர் கேட்டார். நம் தெருவில் கிரகணம், கத்திரி என்று இதே பேச்சைப் பேசாத வீடு இல்லை, அதனால் கேட்கட்டும் என்கிறார். என் மகளைக் கேட்காமல் ஒட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீ சொல்வதுபோலச் செய்கிறேன்.

உன் அம்மாவுக்கு நேற்று இதுவரை படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய் ஸ்டூலைப் போட்டுப் பரண்மேல் ஏறினாள். அந்தக் கத்திரியைக் குழந்தை பிறந்த அன்றைக்கே துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாள் என்பது உனக்குத் தெரியாது. இத்தனை நாளும் குமார் பிளேடால்தான் சேலை அறுத்தான், ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக. முதலாளி திட்டிக்கொண்டே இருக்கிறார். இறங்கி வந்தவள் கத்திரிக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, தறிக்குப் பக்கத்து ஆணியில், உன் கைக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டினாள். "எழுதுங்க, அவளே வந்து அறுக்கட்டும்" என்றாள். அவளால் அவ்வளவுதான் சொல்ல முடியும், நீ புரிந்துகொள்.

தறியில் இப்போது இருப்பது மாம்பழக் கலர் சேலை, அரக்குக் கரை. உடல் முடிந்து முந்தானை ஆரம்பித்திருக்கிறது. அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். எழுத்தும் கொஞ்சம் நேராக நிற்கிறதா பார். வேலூர் போய்விட்டு வரும்போது வழியில் ஆரணியில் நம் வீட்டுக்கு வந்து இறங்கிவிடு, குல்லா வேண்டாம். அதற்குள் சேலை முடிந்து முதலாளி ஆள் அனுப்பினால், அறுக்கிற ஆள் ஊரில் இல்லை, வந்ததும் தருகிறோம் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

உன் அப்பா